பிள்ளைக்கு தினமும் கோகோ பால் குடுக்கலாமா?

வில்லாபுரம் அம்மா:
எம் மகனுக்கு நாலு வயசு, 15 கிலோ இருக்கான். வெறும் பால்னா வாயத் தொறக்க மாட்டேங்கிறான்னு தினமும் ராத்திரி ஒரு டீஸ்பூன் கோகோ பவுடர் போட்டு ஆத்திக் குடுக்குறேன், கீழமாசி வீதில எடை போட்டுத் தர்ற பவுடர்தான். இப்ப என் தங்கச்சி போன் பண்ணி அதுல ஈயம், காட்மியம்னு விஷ உலோகம்லாம் இருக்காம்க்கா, நிப்பாட்டுங்கறா. நல்லா கொதிக்க வச்சா போயிருமா? மனசு அடிச்சுக்கிது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருநகர் செல்வி:
கிருமின்னா கொதிச்சா சாகும், உலோகம் எங்கம்மா போகும்? தங்கச்சி சொன்னது நெசந்தான். 2022ல அமெரிக்காவுல கடைப் பொருள சோதிச்சுப் பாக்குற கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்ங்கிற அமைப்பு, கோகோ ஜாஸ்தியா இருக்க டார்க் சாக்லேட்ல 28 வகைய டெஸ்ட் பண்ணுனப்ப எல்லாத்துலயும் ரெண்டும் இருந்துச்சு. ஆனா எம்புட்டு உள்ள போகுதுங்கிறதுதான் முக்கியம். ஐரோப்பாவுல கோகோ பவுடருக்கு காட்மியம் வரம்பு கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், அம்புட்டும் இருக்குன்னே வச்சுக்கங்க, ரெண்டரை கிராம் டீஸ்பூன்ல 1.5 மைக்ரோகிராம், வாரத்துக்கு பத்தரை. அங்க வாரத்துக்கு தாங்கும்னு சொல்றது உடம்பு எடைல கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம், உங்க பையனுக்கு 37.5 வருது. கால்வாசிக்கு மேல கோகோவுலயே போயிருச்சுன்னா சோறு, கீரை, கெழங்குல வர்றது வேற இருக்குல்ல, அதனால தினமும் வேணாம், வாரத்துல ரெண்டு நாள் குடுங்க.

வாடிப்பட்டி முருகன்:
செல்வியக்கா சொன்னது காட்மியம், அது மண்ணுல இருந்து வேர் வழியா கோகோ கொட்டைக்குள்ளயே ஏறிரும், ஈக்வடார், பெரு பக்கம் ஜாஸ்தி, மேற்கு ஆப்பிரிக்கா கொட்டைல கம்மி. ஈயம் பெரும்பாலும் பெறகு வந்து ஒட்டுறது. எங்க சித்தப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிரா கோகோ போட்டுருக்காரு, புளிக்க வச்சு எடுத்த கொட்டை கையில பிசுபிசுன்னு ஒட்டும், அத ரோட்டோரமா தரைல காயப்போட்டா பறக்குற தூசி பூராம் தொலில அப்பிக்கிரும். அதேன் அவரு வலை கட்டி உசரத்துல காயப்போடுவாரு. எடைக்கு வாங்குற பவுடர் எந்த ஊரு கொட்டை, எப்படிக் காய்ஞ்சதுன்னு கடைக்காரருக்கே தெரியாது. எந்த நாட்டுக் கொட்டைன்னு போட்ட பாக்கெட்டா பாத்து வாங்குங்க.

மதுரை மலர்:
ஈயத்துக்கு இம்புட்டு வரை பரவாயில்லன்னு ஒரு அளவே கெடையாதுன்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, சின்னப் பிள்ளைங்க மூளையத்தேன் அது மொதல்ல பாதிக்கும், மாசமா இருக்கவங்களும் பாத்துக்கணும். பிள்ளைக்கு ரத்தம் கம்மியா இருந்தா உடம்பு இந்த ரெண்டையும் இன்னும் கூட இழுக்கும், அதனால ஒரு தடவ ஹீமோகுளோபின் பாத்துருங்க. மத்த நாள்ல கேழ்வரகு மாவக் காய்ச்சி பால், கருப்பட்டி போட்டுக் குடுத்துப் பாருங்க, கலரும் கிட்டத்தட்ட கோகோ மாதிரிதான் இருக்கும்.