ஹாலண்டைச் சுத்தி யாரு நிக்கிறா?

*மைதானம் குரூப்*

அன்பு: நார்வே ஃபுட்பால் டீம்ல ஸ்ட்ரைக்கர் ஹாலண்ட் இருக்கான், பந்தைத் தூக்கிப் போட்டா கோல்தான்னு நேத்து எழுதினது யாருப்பா? 2023 ஜூன் நார்வே-ஸ்காட்லாந்து மேட்ச் மறந்துபோச்சா?

ரஃபி: நான்தாண்ணே 😬 ஆஸ்லோல. 61-வது நிமிஷம் ஹாலண்ட் பெனால்டி கோல் அடிச்சான். கடைசில அவனை வெளிய எடுத்தாங்க, 87, 89-ல ரெண்டு கோல் வாங்கி நார்வே 2-1-னு தோத்துச்சு. யூரோ 2024 ஐரோப்பியக் கோப்பைக்கே போகல.

ஸ்டெல்லா அக்கா: அதே கோச் சோல்பாக்கன், அதே கேப்டன் ஓடேகார்ட். அப்புறம் 2026 உலகக் கோப்பை தகுதிச்சுற்றுல 8-க்கு 8 ஜெயிச்சாங்க. 37 கோல், ஹாலண்ட் மட்டும் 16. 1998-க்கு அப்புறம் இப்பதான் உலகக் கோப்பை.

அன்பு: பக்கத்துல நிக்கிற ஆளுங்களப் பாருக்கா. இன்னொரு ஸ்ட்ரைக்கர் சோர்லோத்தும் பனைமர உசரம்தான், ஆனா அவனை ரைட்ல நிறுத்துறாங்க. அந்தப் பக்கம் அவனை மார்க் பண்றது எதிர் டீமோட லெஃப்ட் பேக், அதாவது இடது ஓர டிஃபெண்டர். டீம்ல பெரும்பாலும் குட்டையான ஆளு அவன்தான். லெஃப்ட்ல இருந்து குறுக்கா நீளமா ஒரு பந்து வந்தா தலைக்கு மேல போயிடும். நடுவுல நிக்கிற டிஃபெண்டர், அதான் சென்டர் பேக், உதவிக்கு நகர்ந்தா ஹாலண்ட் ஃப்ரீ.

ரஃபி: லெஃப்ட் விங்கர், அதான் இடது ஓரமா ஓடி ஆடுறவன், நூசா. 2005-ல பிறந்த பையன். 2025 ஜூன்ல இத்தாலிய 3-0 அடிச்சப்ப சோர்லோத், நூசா, ஹாலண்ட் ஆளுக்கு ஒண்ணு. நவம்பர்ல இத்தாலியோட சான் சிரோ மைதானத்துலயே 4-1, கடைசி கோல் இன்னொரு ஸ்ட்ரைக்கர் ஸ்ட்ராண்ட் லார்சன்.

ஸ்டெல்லா அக்கா: ஒரு தமாஷ். ஹாலண்ட் அப்பா, சோர்லோத் அப்பா ரெண்டு பேரும் 1994 உலகக் கோப்பை டீம்ல இருந்தாங்க. அந்த குரூப்ல நாலு டீமுக்கும் 4 பாயின்ட். மூணு மேட்ச்ல ஒரே ஒரு கோல் அடிச்ச நார்வே வீட்டுக்குப் போச்சு.

ரஃபி: 😂 பசங்க வட்டியோட கட்டிட்டானுங்க

முருகன்: ஹாலண்ட் கோலுக்கு முன்னாடி இருக்கிற பாக்ஸுக்குள்ள ஓடறதைப் பசங்களுக்கு எப்படிச் சொல்லித்தர்றது?

அன்பு: சென்டர் பேக் முதுகுப் பக்கம் நிக்கச் சொல்லு. பந்தையும் ஆளையும் ஒரே நேரத்துல அவன் பாக்க முடியக்கூடாது. முதல்ல ஃபார் போஸ்ட் (பந்துக்குத் தூரமா இருக்கிற கோல் கம்பம்) பக்கம் ரெண்டு எட்டு. டிஃபெண்டர் இடுப்பு திரும்பினதும் சட்டுனு நியர் போஸ்ட்டுக்கு (பந்துக்குப் பக்கத்துக் கம்பம்) வெட்டி ஓடணும். எல்லாரும் தப்பு பண்றது அவசரத்துலதான். விங்கர் ஓரத்துல இருந்து பாக்ஸுக்குள்ள பந்து (கிராஸ்) போடக் கால் ஓங்குற வரைக்கும் அந்த வெட்டு கூடாது. முன்னாடியே போனா பந்து வர்றதுக்குள்ள நின்னுடுவான், நின்ன ஆளைப் பிடிக்கிறது சுலபம்.

ஸ்டெல்லா அக்கா: ரெண்டு ஸ்ட்ரைக்கரும் நியர் போஸ்ட்டுக்கே ஓடினா ஒரே டிஃபெண்டர் ரெண்டு பேரையும் பாத்துக்குவான். அதையும் சொல்லுங்க.

முருகன்: சரிக்கா. சின்னப் பசங்களுக்கு மேட்ச் வச்சு பாயின்ட் டேபிள் போடட்டுமா?

அன்பு: வேணாம். நார்வேல சின்னப் பசங்களுக்கு டேபிளே கிடையாது. கோன் நாலு, பந்து பத்து போதும். கிராஸ் நீயே கையால போடு, காலால போட்டா பாதி வேலிக்கு வெளியதான் போகும்.