சீரான வெப்ப அறையில் கிடைத்த முடிவு கடலோரக் கொட்டகைக்குப் பொருந்துமா?

அலைகரை:
வெப்பக் காலத்தில் முட்டைக்கோழிகளுக்கு என்ன தீவனம் தரவேண்டும் என்று நாம் நம்பிக் கடைப்பிடிக்கும் பரிந்துரைகள் பல, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் சில வாரங்களே நடந்த சோதனைகளிலிருந்து வந்தவை. அவற்றை வெப்பமண்டலக் கடலோரப் பண்ணைகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது தவறு என்பதே என் வாதம். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. சுற்றுப்புற வெப்பம் அதன் உடல் வெப்பமான ஏறத்தாழ 41 டிகிரியை நெருங்க நெருங்க, மூச்சிரைத்து நீரை ஆவியாக்குவது ஒன்றே அதற்கு மிஞ்சும் வழி. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டுப் போகிறது. வறண்ட காற்றில் 34 டிகிரியைச் சமாளிக்கும் கோழி, கடற்காற்றில் அதே 34 டிகிரியில் திணறுகிறது. ஈரப்பதத்தைக் குறிக்காமல் வெப்பநிலையை மட்டும் அட்டவணையில் தரும் கட்டுரையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்?

தீவனவியல்:
ஈரப்பதத்தைக் குறிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்கள் முடிவு அளவுக்கு மீறிப் போகிறது. கோழியின் உடலியல் கரைக்கு ஒன்றாகவும் உள்நாட்டுக்கு வேறாகவும் இருப்பதில்லை. மூச்சிரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறுகிறது, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, ஓடு உருவாகத் தேவையான பைகார்பனேட்டு குறைகிறது, ஓடு மெலிகிறது. கார்பனேற்றப்பட்ட, அதாவது கரியமில வாயு கரைத்த, குடிநீர் கொடுத்தால் வெப்பத்திலும் ஓட்டின் தரம் மேம்படுவதை 1985இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. திறந்த கொட்டகையில் காற்று, வெயில், நோய், வேலையாளின் கவனம் என்று எல்லாமே நாளுக்கு நாள் மாறும்போது, இந்தக் காரணச் சங்கிலியை எப்படிப் பிரித்தெடுத்திருப்பார்கள்? மாவுச்சத்தையும் புரதத்தையும்விடக் கொழுப்பு செரிக்கும்போது உடலில் எழும் வெப்பம் குறைவு என்பதும், மொத்தப் புரதத்தைக் குறைத்து புரதத்தின் கூறுகளான மெத்தியோனின், லைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்தால் கோழியின் வெப்பச் சுமை இறங்கும் என்பதும் கட்டுப்பாடான சோதனைகள் தந்த அறிவுதான்.

அலைகரை:
காரணத்தைக் கண்டறிய அறை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் எந்த அளவில், எந்த நேரத்தில் கொடுப்பது என்பதை அறை சொல்லாது. கடலோரக் கொட்டகை ஒன்றில் இரவு இரண்டு மணிக்கு விளக்கில்லாமல் நின்றிருக்கிறேன். இறக்கையை உடலை விட்டு விலக்கி, அலகைத் திறந்தபடி, கூண்டின் கம்பியோடு ஒட்டி நின்ற கோழிகளின் மூச்சுச் சத்தம் இருட்டில் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு முட்டைக்கு ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பங்கு இரவில்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் இரைப்பையில் சுண்ணாம்பு இல்லையென்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கிறது. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் மாலைக்குள் கடந்துபோய்விடும். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள கிளிஞ்சல் துண்டுகள் இரைப்பையில் தங்கிச் சிறிது சிறிதாகக் கரையும். இரவிலும் மூச்சிரைக்கும் கோழிக்கு இது எவ்வளவு உதவும் என்பதைக் கரையிலேயே அளந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

தீவனவியல்:
நீங்கள் சொன்ன இந்தக் காட்சியே அறைச் சோதனைக்குச் சாதகமாக இருக்கிறது. இரவும் பகலும் ஒரே வெப்பம் வைக்கும் அறைகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, உண்மைப் பண்ணையில் இரவு குளிரும், கோழி இரவின் குளுமையில் தேறிக்கொள்ளும் என்பதுதான். உங்கள் கரையிலோ இரவு குளிர்வதில்லை. அப்படியானால் மாறா வெப்ப அறை, வறண்ட உள்நாட்டைவிட உங்கள் கொட்டகைக்குத்தான் நெருக்கமானது.

ஈரக்காற்று (கால்நடை மருத்துவர்):
இருவரும் கோழியைப் பார்க்கிறீர்கள். தீவன அறையைப் பார்க்கவில்லை. ஈரப்பதம் 14 விழுக்காட்டைக் கடந்த மக்காச்சோளமும் பிண்ணாக்கும் வெப்பத்தில் பூஞ்சைக்கு விருந்து. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததற்குப் பூஞ்சை படிந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டறிந்தபோதுதான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சின் பெயரே பிறந்தது. இந்த நச்சு ஈரலைத் தாக்கும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும். பசு தின்றால் பாலிலும் வரும். கடலோரத்தில் சாக்கைத் திறந்து வைத்த சில நாட்களிலேயே தீவனம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. வெப்பத்துக்காக நீங்கள் சேர்க்கச் சொல்லும் அதே கொழுப்பு அங்கே விரைவில் சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். அதோடு வைட்டமின் ஈயும் வீணாகும். கலந்த அன்று சரியாக இருந்த தீவனம் கோழியின் முன் வைக்கும் நாளில் வேறொன்றாகிவிடுகிறது. நான் அறுத்துப் பார்த்த கோழிகளில், வெயிலால் இறந்ததாகச் சொல்லப்பட்டவற்றிலேயே ஈரல் வெளிறி மஞ்சளாகவும் எளிதில் உதிர்வதாகவும் இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

தீவனவியல்:
இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கொழுப்புச் சேர்க்கும் பரிந்துரையை, கொழுப்பு கெடாமல் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானும், எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்ற வரம்பும் இல்லாமல் எழுதியது என் பிழை. ஆனாலும் அறைச் சோதனையை நான் கைவிடவில்லை. கரையில் ஒரு வாரம் சேமித்த தீவனத்தை அறைக்குக் கொண்டுவந்து, புதிதாகக் கலந்ததோடு ஒப்பிட்டுக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

அலைகரை:
அப்படிச் செய்வதானால் தீவனத்தின் ஈரத்தைக் கலக்கும் நாளில் மட்டுமல்லாமல், தொட்டியில் கொட்டும் ஒவ்வொரு நாளும் அளந்து எழுதுங்கள். அறையின் ஈரப்பதத்தையும் மணிக்கு மணி பதிவு செய்யுங்கள். குறிப்பாக இரவு பத்து முதல் விடியும்வரை.