அதிரசம் கைகூட மாட்டேங்குது, யாராச்சும் பக்குவம் சொல்லுங்களேன்

அக்காமாரே அண்ணாமாரே ஒரு உதவி வேணும். நாங்க நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கோம். எங்க அப்பாயி முந்தியெல்லாம் தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கவே அதிரசம் சுட ஆரம்பிச்சிரும், லயம் (தோட்டத்து வரிசை வீடுங்க) முழுக்க வாசம் வரும், நாங்க பேரன் பேத்தி எல்லாம் அடுப்ப சுத்தி குந்திக்கிட்டு உடைஞ்சது யாருக்குன்னு சண்டை போடுவோம், அந்த உடைஞ்சதுலதான் ருசியே. கொழுந்து பறிச்ச அப்பாயி கை இப்ப நடுங்குது, அதனால இந்த வருசம் நான் சுட்டு குடுக்கணும்னு ஆசை.

மொத தடவ பாகு இளசா எடுத்துட்டேன் போல, எண்ணெய்ல போட்டதும் உதிர்ந்து போச்சி. ரெண்டாவது தடவ யூடியூப் பாத்து தேமாமீட்டர் வச்சி 115 டிகிரில எறக்குனேன், கல்லு மாதிரி ஆயிருச்சி. தம்பி சொல்றான், நம்ம ஊரு 1,868 மீட்டர் ஒசரம், இங்க தண்ணியே 94 டிகிரி கிட்ட கொதிச்சிரும், அதனால பாகும் ஒரு ஆறு டிகிரி முந்தியே எறக்கணுமாம். சரியா இருக்குமா?

அப்பாயிகிட்ட கேட்டா "தண்ணில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாரு, கைக்கு தெரியும்"ங்குது. என் கைக்கு ஒன்னும் தெரியலயே!

இன்னொன்னு, நான் போடுறது கித்துள் கருப்பட்டி (கித்துள் பனையில எடுக்குறது), அதுக்கு மாவு அதிகமா போடணுமா? இந்த மிஸ்ட்ல ஊறவச்ச பச்சரிசி காயவே மாட்டேங்குது, எவ்வளவு ஈரத்துல இடிக்கிறீங்க? மாவ எத்தன நாள் வைக்கிறீங்க? குளிர் ஊர்ல சுட்டவங்க சொன்னா நல்லம், சனிக்கிழமை திரும்ப அடுப்ப மூட்டப் போறேன்.