பழைய நாளிதழ்ப் படத்தை ஸ்கேன் செய்தால் புள்ளியும் அலைவரியும்: கிம்ப்பில் சரிசெய்வது எப்படி?

ஏடுதேடி:
வணக்கம். 1970களில் வந்த தமிழ் நாளிதழ் நறுக்கு ஒன்று. ஒரு கூட்டத்தில் எடுத்த குழுப்படம், இரண்டு பத்தி அகலம், சுமார் 9 செ.மீ. தாள் பழுத்து மஞ்சளாகியிருக்கிறது, நடுவில் மடிப்பு. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்து ஜேபெக்கில் சேமித்தேன். பெரிதாக்கினால் வெறும் புள்ளி. சிறிதாக்கினால் முகங்கள்மேல் அலை அலையாக வரி. பின்பக்க எழுத்தும் தெரிகிறது. கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் டெஸ்பெக்கிள் (புள்ளி நீக்கும் வடிகட்டி) போட்டதும் முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, தலைமுடி ஒரே கறுப்பாகிவிட்டது. எதை முதலில் செய்ய வேண்டும்?

புள்ளிக்கோலம்:
மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அந்த ஜேபெக்கோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. நறுக்கின் பின்னால் கறுப்பு சார்ட் அட்டை வையுங்கள். ஸ்கேனரின் வெள்ளை மூடியில் பட்டு ஒளி திரும்பி வருவதால்தான் பின்பக்க எழுத்து தெரிகிறது. கறுப்பு அட்டை அந்த ஒளியை விழுங்கிவிடும். 600 டிபிஐ, கலர், டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு வகை). ஷார்ப்பன், ஆட்டோ கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

அன்றைய லெட்டர்பிரஸ் பிளாக்குகளில் (படம் அச்சிடும் உலோகத் தகடுகள்) 65 ஸ்கிரீன் சாதாரணம், அதாவது அங்குலத்துக்கு 65 புள்ளி வரிசை. 300 டிபிஐயில் ஒரு புள்ளிக்கு 4.6 பிக்சல்தான். சிறிதாக்கும்போது புள்ளிகளின் வரிசையும் பிக்சல் வரிசையும் ஒத்துப்போகாமல் அந்த அலைவரி எழுகிறது. 600இல் 9.2 பிக்சல் கிடைக்கும், வேலை செய்ய இடம் இருக்கும்.

டெஸ்பெக்கிள் இதற்கு ஆகாது. அது மீடியன் வடிகட்டி, சுற்றியுள்ள பிக்சல்களில் பெரும்பான்மை எதுவோ அதையே வைத்துக்கொள்ளும். முகத்தில் வெள்ளை அதிகம், அதனால் சிறு கறுப்புப் புள்ளிகள் போய்விடும். முடியில் கறுப்பு அதிகம், சிறு வெள்ளைத் துளைகள் அடைபடும். சாம்பல் நிறம் இருப்பதே அந்தப் புள்ளிகளின் பருமனில்தான். அவற்றை அழிக்கக் கூடாது, சராசரியாக்க வேண்டும்.

கிம்ப்பில் முதலில் கலர்ஸ் > காம்பொனென்ட்ஸ் > எக்ஸ்ட்ராக்ட் காம்பொனென்ட் போய் ஆர்ஜிபி ரெட், அதாவது படத்தின் சிவப்பு நிறப் பகுதியை (சானல்) மட்டும் எடுங்கள். மஞ்சள் கறை நீலச் சானலில் கறுத்துத் தெரியும், சிவப்புச் சானலில் ஏறக்குறைய மறைந்துவிடும். அடுத்து காசியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் வடிகட்டி). அளவு, புள்ளி இடைவெளியில் 0.4 பங்கு: 9.2க்கு 3.7. இடைவெளியைச் சாய்வாக, 45 பாகையில் அளக்க வேண்டும். கிடைமட்டமாக அளந்தால் 13 பிக்சல் என்று வரும், அதை நம்பினால் தேவைக்கு மேல் மங்கலாக்கிவிடுவீர்கள்.

பிளர் போட்டதும் படம் பாழாகிவிட்டதுபோல் தோன்றும். பயப்படாமல் 150 டிபிஐ அளவுக்கு, அதாவது 25 சதவீதத்துக்குச் சுருக்குங்கள். இழப்பு அதிகம் இல்லை, 9 செ.மீ. அகலத்தில் இருப்பதே சுமார் 230 புள்ளிதான். லெவல்ஸ் (கறுப்பு வெள்ளை அளவைச் சரிசெய்வது) அதன் பிறகு. முன்பே லெவல்ஸை இழுத்தால் புள்ளி ஓரத்துச் சாம்பல் வெட்டுப்பட்டுப் புள்ளிகளின் பருமனே மாறிவிடும். கடைசியில் கூர்மையாக்க அன்ஷார்ப் மாஸ்க்: ரேடியஸ் 1, அமவுன்ட் 0.5. அதற்கு மேல் வேண்டாம்.

நுண்ணோக்கி:
மேலே சொன்ன வழி போதும். சட்டை ஓரம், பலகை எழுத்து இன்னும் கூர்மையாக வேண்டுமானால் ஃபூரியர் வழி (திரும்பத் திரும்ப வரும் புள்ளிக் கோலத்தைத் தனியே பிரித்து நீக்குவது) இருக்கிறது. அதைச் செய்யும் இமேஜ்-ஜே மென்பொருள் இலவசம். படத்தை மட்டும் வெட்டி எடுங்கள். செய்தி எழுத்தும் கட்டக் கோடும் உள்ளே வந்தால் குறுக்கே பளிச்சென்று கோடு விழுந்து குழப்பும். பிராசஸ் > எஃப்எஃப்டி > எஃப்எஃப்டி. நடுப்பொட்டைச் சுற்றி நான்கு மூலையில் ஒளிப்பொட்டுகள் தெரியும். அவற்றின்மேல் சுட்டியை வைத்தால் நிலைப்பட்டையில் ஆர் (பிக்சலில் புள்ளி இடைவெளி) 9.2, கோணம் 45 என்பதுபோல் வரும். உங்கள் ஸ்கிரீனை ஊகிக்கவே வேண்டாம், 600ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். ஒவ்வொரு பொட்டையும் சிறு வட்டத்தால் தேர்ந்து கறுப்பு நிரப்புங்கள். எதிர்ப்பக்க ஜோடியை விடாதீர்கள், வெளியே இன்னும் மங்கலாக உள்ளவற்றையும் சேர்த்து. நடுப்பொட்டைத் தொடக் கூடாது, படத்தின் மொத்த வெளிச்சமே அதில்தான் இருக்கிறது. பிறகு இன்வர்ஸ் எஃப்எஃப்டி. மிச்சத்துக்கு 1.5 அளவில் பிளர்.

வட்டம் பெரிதானால் ஓரங்களைச் சுற்றி நிழல்கோடு வரும். தாள் சுருங்கியிருந்தால் புள்ளி இடைவெளி இடத்துக்கு இடம் மாறி, பொட்டு கலைந்து இந்த வழி சரியாக அமையாது. ஸ்கேனுக்கு முன் சில நாள் கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். இஸ்திரி வேண்டாம், டேப் ஒட்டவே வேண்டாம்.

பழைய_பிளாக்:
இரண்டு சேர்க்கை. நறுக்கு கோணலாக இருந்தால் ஸ்கேனர் கண்ணாடியிலேயே நேராக்குங்கள். மென்பொருளில் சுழற்றுவதானால் புள்ளி நீங்கிய பிறகுதான்; முன்பே சுழற்றினால் அதிலேயே புது மொய்ரே (அலைவரி) பிறக்கும். மடிப்பை ஹீல் கருவியால் மூடுவதும் அப்படித்தான், புள்ளி இருக்கும்போது ஒட்டினால் வரிசை பொருந்தாது.

சில ஸ்கேனர்களில் டீஸ்கிரீன் (அச்சுப் புள்ளி நீக்கும்) வசதியில் நியூஸ்பேப்பர் 85 என்று இருக்கும். அது 85 ஸ்கிரீனுக்கானது; 65 ஸ்கிரீன் படத்தில் பாதிப் புள்ளியை விட்டுவைக்கும்.

ஏடுதேடி:
சிவப்புச் சானல், 3.7 பிளர் இரண்டிலேயே அலைவரி போய்விட்டது, நன்றி. பின்வரிசை முகங்கள் மட்டும் தெளிவில்லை. ஏஐ முகச் சீரமைப்பு போடலாமா?

புள்ளிக்கோலம்:
ஆவணமாக வைக்கப்போகிறீர்கள் என்றால் கூடாது. 5 மி.மீ. அகல முகத்தில் குறுக்கே 13 புள்ளிகூட இல்லை. கண்ணின் வடிவம் அதில் பதிவாகவே இல்லை. ஏஐ வேறு யாருடைய கண்ணையோ வரைந்து வைக்கும். நாளை ஒருவர் அதைப் பார்த்து "இவர்தான் அவர்" என்று அடையாளம் சொன்னால் அந்தப் பிழை நிலைத்துவிடும். அந்த மங்கல் அப்படியே இருக்கட்டும். படம் எடுத்த ஸ்டூடியோவிலோ கூட்டத்தில் இருந்தவர்கள் வீட்டிலோ அசல் பிரின்ட் கிடைக்குமா என்று விசாரியுங்கள், அதில் ஸ்கிரீன் புள்ளியே இருக்காது. திருத்தாத 600 டிபிஐ டிஃப்பைத் தனியாக வைத்து, கோப்புப் பெயரில் நாளிதழ், தேதி, பக்கம் மூன்றையும் எழுதிவிடுங்கள்.