கோடியக்கரையில் வலசைப் பறவைகள்: தீபாவளிக்குச் செல்லலாமா?

கேள்வி (தஞ்சைவாசி):
கோடியக்கரைச் சரணாலயத்துக்கு மார்கழியிலும் தையிலுமாக இருமுறை சென்று பூநாரைகளைப் பார்த்திருக்கிறேன். இம்முறை வலசைப் பறவைகள் வந்திறங்கும் காலத்திலேயே சென்று, குறிப்பாகச் சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களை இனம் பிரித்தறியப் பழக விரும்புகிறேன். தீபாவளி விடுமுறை அதற்கு ஏற்றதா? எல்லா உள்ளான்களும் எனக்கு ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிகின்றன என்பதையும் சற்றுக் கூச்சத்துடன் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி (உப்பளத்தான்):
தீபாவளிவரை காத்திராமல் புரட்டாசியிலேயே வந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை வலுத்துச் சதுப்பில் நீர் ஏறிவிட்டால், நெடுங்கால் பூநாரைக்கு அது வசதி. விரற்கடை உயரக் கால்களுள்ள கொசு உள்ளானுக்கோ கணுக்கால் அளவு நீரே ஆழம்தான், அது வேறு சேறு தேடிப் போய்விடும்.

நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். வளைமூக்கு உள்ளான்கள் சைபீரியாவின் வடகோடியில் இனப்பெருக்கம் செய்பவை. முதிர்ந்தவை ஆகஸ்டிலேயே நம் கரைக்கு வரத் தொடங்கும். அவ்வாண்டு பொரித்த இளம்பறவைகள், பெற்றோர் துணையின்றித் தாமாகவே வழி கண்டு, சில வாரங்கள் கழித்து வந்து சேரும். ஆகவே செப்டம்பர் பிற்பகுதியில் இரு தலைமுறையையும் ஒரே சேற்றில் அருகருகே காணலாம். முதிர்ந்தவற்றின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக எஞ்சியிருக்கும். இளையவற்றின் முதுகில் ஒவ்வோர் இறகும் வெளிர் விளிம்புடன் செதில்போலத் தெரியும். டிசம்பருக்குள் இரண்டுமே நீங்கள் சொன்ன சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். குறை உங்கள் கண்ணில் இல்லை, நீங்கள் சென்ற மாதத்தில்தான் இருந்தது.

மறுமொழி (காட்டுவழி):
உள்ளானைப் பொறுத்தவரை மேலே நண்பர் சொன்னது சரி. ஆனால் தீபாவளியை அவர் இவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டியதில்லை. 1967இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தில் சதுப்போடு உலர் பசுமைமாறாக் காடும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டை மிகவும் சிதைத்தது என்றாலும், இமயமலை அடிவாரத்திலிருந்து வரும் ஆறுமணிக்குருவி அங்கே இறங்குவது நிற்கவில்லை. இரவில் பயணம் செய்யும் பறவை அது. புதர் நிழலில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும், அதிகாலையில் அதன் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்ட பிறகு தேடுவதே எளிது.

தஞ்சைவாசி:
இருவருக்கும் நன்றி. புரட்டாசி மூன்றாம் வாரமே செல்கிறேன். ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் காலில் இட்ட வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைக் கண்டால் என்ன செய்வது?

மறுமொழி (உப்பளத்தான்):
எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்னென்ன நிறம், எழுத்து ஏதேனும் உண்டா என்பவற்றை நின்ற இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கூடுமானால் படமும் எடுத்து, அங்கே பல பத்தாண்டுகளாக வளையமிட்டுவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். எழுத்தைப் படிப்பதற்காக மட்டும் நெருங்கிச் செல்லாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மெலிந்து வந்த பறவை அது. ஒருமுறை எழுப்பிவிட்டாலும் அன்றைய தீனியில் குறைகிறது. சதுப்புக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும், அதை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.