செகண்ட் ஹேண்ட் போன், ஐஎம்இஐ முடக்கம்: எங்கே புகார் கொடுப்பது?

சாம்சங் ஏ54, போன மாதம் தாம்பரத்தில் ஒருவரிடம் நேரில் வாங்கியது, பில் கிடையாது. முதல் வாரம் சிக்னல் வந்தது. இப்போது வைஃபை மட்டும்தான், எந்த சிம் போட்டாலும் 'அவசர அழைப்பு மட்டும்'.

வேறு கம்பெனி சிம், நெட்வொர்க் ரீசெட், ஃபேக்டரி ரீசெட் எல்லாம் பார்த்தாச்சு. *#06# அடித்து வரும் இரண்டு ஐஎம்இஐயையும் (போனின் அடையாள எண்) 'கேஒய்எம்' போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், இரண்டுமே 'பிளாக்லிஸ்ட்'. பெட்டியிலோ வேறு எண். ஓரத்தை நகத்தால் கீறினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். தொலைத்தவர் சஞ்சார் சாத்தியில் (தொலைந்த போனை முடக்கும் அரசு தளம்) முடக்கியிருக்கிறார் போல. ஐஎம்இஐ மாற்றித் தருகிற கடை வேண்டாம், அது குற்றம்.

விற்றவர் நம்பர் சுவிட்ச் ஆஃப். யுபிஐ ரசீது, சாட் ஸ்கிரீன்ஷாட் கைவசம் இருக்கு.

போனை ஒப்படைத்து சிஎஸ்ஆர் (போலீஸ் தரும் புகார் ரசீது) வாங்க, தாம்பரம் ஸ்டேஷனா, சைபர் கிரைமா?