புதுப்பிப்பு: ஆச்சி கட்டிய வீடு

ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஆச்சியோடு, அவரவர் வீட்டை அறை அறையாகக் கட்டும் ‘ட்ரீம் ஹோம்’ பலகை விளையாட்டை ஆட முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிகிறது. அறைகள் எல்லாம் படங்களாகவே இருக்கின்றன.

பாளையங்கோட்டை வீட்டின் தார்சாவில் நான்கு பேர் உட்கார்ந்தோம். மொத்தம் 12 சுற்றுகள். சுற்றுக்கு ஓர் அறை, பெரும்பாலும் கூடவே கூரைத் துண்டு, அலங்காரம் என்று ஏதாவது ஒன்று. கீழே அறை இல்லாமல் மாடியில் அறை வைக்கக் கூடாது என்ற விதியை நான் விளக்கத் தொடங்கும் முன்பே, “தரை இல்லாமல் மச்சு எப்படி நிற்கும்?” என்றாள் ஆச்சி.

இரு தளங்களிலும் குளியலறை வைத்தால் கூடுதல் புள்ளி என்றதும்தான் தகராறு. “அடுக்களைக்கு மேலே குளியலறையா?” என்றாள் ஆச்சி. கடைசிவரை வைக்கவில்லை. அந்தப் புள்ளிகள் போயின. ஆனால் நான்கு கூரைத் துண்டுகளையும் ஒரே நிறத்தில் சேர்த்து எங்களைத் தோற்கடித்துவிட்டாள்.

இருவர் மட்டும் ஆடினால் சப்பென்றிருக்கிறது. இதை முன்பே சிலர் எச்சரித்தீர்கள்.

இன்று காலை பெட்டியைக் காணோம். அடுத்த தெருப் பெரியம்மா வீட்டுக்கு ஆச்சியே எடுத்துப் போயிருக்கிறாள்.